மஞ்சள் அட்டையின் மூன்றாவது கட்டம்

வெர்னா ப்ரூயிட் எட்டு ஆண்டுகளில் இருபத்தொன்பது பேரைக் கொலைகாரர்களாக்க அனுமதி கொடுத்தவள். அவர்களில் இருபத்தெட்டுப் பேர் காகிதத்தில் மட்டும் இருந்தார்கள். ஒருவர் உயிரோடு இருந்தார்.

அவள் பிறந்தது நெப்ராஸ்காவில், பீட் கிழங்கு விளையும் ஒரு சின்ன ஊரில். அப்பா சர்க்கரை ஆலையில் கிழங்கு வண்டிகளை எடை போடுகிறவர். இருபத்து நான்கு வயதில் லாஸ் ஏஞ்சலஸ் வந்தாள். அந்த வயதில் இந்த ஊருக்கு ரயிலேறும் பெண்கள் எதற்காக வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெர்னா அதற்காக வரவில்லை. அவளுக்கு அகராதிகள் பிடிக்கும், வரைபடங்கள் பிடிக்கும், ஒரு தேதியைச் சரியாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுவதும் முகம் மலர்ந்திருக்கும். எங்கள் ஸ்டுடியோவின் தகவல் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. தச்சுப் பட்டறைக்கு மேலே ஒரு நீண்ட அறை, நான்கு மேசைகள், காபிக் கோப்பையில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள். அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது.

1910இல் போலீஸ்காரன் தொப்பி எப்படி இருந்தது, சிகாகோவில் எந்த மாதம் பனி கொட்டும் என்றெல்லாம் இயக்குநர்கள் கேட்பார்கள். தேடிச் சொல்வோம். அதைவிட முக்கியமான வேலை பெயர் பார்ப்பது. படத்தில் ஒரு பல் வைத்தியன் மனைவிக்கு விஷம் வைத்தால், அதே பெயரில் ஊரில் நிஜமான பல் வைத்தியர் இருக்கக் கூடாது. இருந்தால் வழக்குப் போடுவார். ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை. நல்லவர்களுக்கு வெள்ளை, கெட்டவர்களுக்கு மஞ்சள். வெள்ளை அட்டையில் ஒரே கட்டம்: தொலைபேசிப் புத்தகம் பார்த்தாயிற்று. மஞ்சளில் மூன்று: தொலைபேசிப் புத்தகம், ஊர்வாசிகள் விலாசப் புத்தகம், நேரில் போய்ப் பார்க்க வேண்டிய வாக்காளர் பதிவேடு. விலாசப் புத்தகம் யுத்தத்தில் அச்சாவது நின்று போனது. அதற்குப் பிறகு ஊருக்கு வந்தவர்கள் எவரும் அதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். தொலைபேசி வைத்துக்கொள்ள வசதியுள்ளவன் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தான். வாடகை அறையில் குடியிருப்பவனைத் தேட இரண்டு டிராம் மாறிப் போக வேண்டும். யாரைத் தேடுவது சுலபமோ அவன் பாதுகாப்பாக இருந்தான். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஏழைகளை வெறுத்தவர்கள் அல்ல. ஏழை வழக்குப் போட மாட்டான் என்று கணக்குப் போட்டவர்கள். அது வெறுப்பைவிட மோசம்.

1945இல் ‘நிற்காத மாடி’ என்ற துப்பறியும் நாவலை ஸ்டுடியோ வாங்கியது. ஓர் ஓட்டல் முதலாளி தன்னிடம் தங்கியிருக்கும் விதவையை லிப்ட் குழியில் தள்ளிக் கொல்கிறான். பழி லிப்ட் ஓட்டும் ஆரின் டெல்க் மேல் விழுகிறது. கடைசி அத்தியாயத்தில் உண்மை வெளியாகிறது. ஆரின் டெல்க் நிரபராதி, ஆகவே வெள்ளை அட்டை. தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. வெர்னா டிக் போட்டாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

பாதிப் படம் எடுத்த பிறகு மேலே உள்ளவர்களுக்குக் கதை கசந்துவிட்டது. முதலாளி கொலை செய்யலாமா? தியேட்டர்கள் வைத்திருப்பவர்களும் ஓட்டல்கள் வைத்திருப்பவர்களும் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். லிப்ட்காரன் கொன்றான் என்றால் யாருடைய விருந்தும் கெடாது. கொலையை அவன் கைக்கு மாற்றினார்கள். கதை நடக்கும் ஊரையும் கான்சஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். மாற்றிய பக்கங்கள் இளஞ்சிவப்புத் தாளில் வரும். அது எங்கள் அறைக்கு வந்தது 1946 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். திங்கட்கிழமை படப்பிடிப்பு.

வெர்னா தாளை எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

“டெல்க் இப்போ கொலைகாரனாம், டெஸ்ஸா. போன வாரம் வரைக்கும் பாவப்பட்ட மனுஷன். அதுக்குள்ள யாரு கெடுத்தது இவனை?”

“சம்பளம் கூடக் கேட்டிருப்பான்,” என்றேன்.

சிரித்துக்கொண்டே புது மஞ்சள் அட்டை எடுத்தாள். முதல் இரண்டு கட்டத்தையும் பத்து நிமிடத்தில் முடித்தாள். மூன்றாவதற்கு நகருக்குள் போக வேண்டும். பதிவேட்டு அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும்.

அதே மதியம் இரண்டு தெரு தள்ளி ஒரு கடைக்கு நைலான் காலுறை வந்திருந்தது. இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். யுத்த காலம் முழுக்க நைலான் பாராசூட்டுக்குப் போயிற்று. நாங்கள் வெறுங்காலில் பழுப்புச் சாயம் பூசி, பின்னங்காலில் பென்சிலால் தையல் கோடு வரைந்துகொண்டு ஆபீஸ் போனோம். யுத்தம் முடிந்தும் காலுறை எப்போதாவதுதான் வந்தது. வந்தால் தெருக்கோடி வரை வரிசை நிற்கும்.

“நான் என்ன பண்ணட்டும்?” என்று வெர்னா கேட்டாள். கையில் தொப்பி, தோளில் பை.

“பதிவேடு எங்கேயும் ஓடிப் போகாது. காலுறை போயிடும்.”

“மூணாவது கட்டத்துல இதுவரைக்கும் யாராச்சும் மாட்டியிருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்ல.”

அது உண்மைதான். ஒருவரும் மாட்டாததற்குக் காரணம் ஒருவரும் போய்ப் பார்க்காததாகவும் இருக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. வெர்னா நகருக்குப் போகவில்லை. ஒரு ஜோடி காலுறை கிடைத்தது. திங்கள் காலை, மே இருபதாம் தேதி, மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் தன் முதலெழுத்துகளை எழுதினாள்.

படம் இலையுதிர் காலத்தில் வெளியாகி நன்றாக ஓடியது. கறுப்பு நிழலும் ஈரத் தெருவுமாக, லிப்ட் கம்பிக் கதவின் நிழல் கொலைகாரன் முகத்தில் கோடு கோடாக விழும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டெல்க்காக நடித்தவரை நானும் மறக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை வாசல் காவலாளி எங்களுக்கு டெலிபோன் செய்தான்.

“மிஸ் ப்ரூயிட், உங்க கொலைகாரன் வந்து நிக்கிறான். பேர் வைக்கிற ஆபீஸ் எதுன்னு கேக்கிறான். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருக்கான். கொஞ்சம் மரியாதை தெரிஞ்ச கொலைகாரன்தான்.”

யாரோ துணை நடிகர் விளையாடுகிறார் என்று நினைத்து வெர்னா மேலே அனுப்பச் சொன்னாள். வந்தவர் ஐம்பது வயது தாண்டிய ஒல்லியான மனிதர். ஓக்லஹோமாக்காரர். யுத்தத்தின்போது கப்பல் பட்டறை வேலைக்கு வந்து, பட்டறை மூடியதும் பங்கர் ஹில்லில் ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பில் லிப்ட் ஓட்டப் போனவர். பெயர் ஆரின் டெல்க்.

“நான் சண்டைக்கு வரலைங்க,” என்றார். “அந்தப் பேரை எடுத்துடுங்கன்னு கேக்க வந்தேன்.”

“படம் வெளியே போயிடுச்சே, மிஸ்டர் டெல்க்.”

“தெரியும். நானே டிக்கெட் வாங்கிப் பாத்தேன். நல்லாத்தான் எடுத்திருக்காங்க. பதினாலு தடவை என் பேரைச் சொல்றாங்க. எண்ணினேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவியபடி பேசினார்.

“எங்க கட்டடத்துல பாதிப் பேர் தனியா இருக்கிற பொம்பளைங்க. டைப்பிஸ்ட்டு, டீச்சரு, ரெண்டு நர்ஸு. முதல்ல கேலி பண்ணினாங்க. ‘இன்னிக்கு யாரைத் தள்ளப் போறீங்க?’ம்பாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் கேலி நின்னுபோச்சு. லிப்ட்ல தனியா ஏற மாட்டேங்கிறாங்க. நாலு மாடி, அஞ்சு மாடி படியேறிப் போறாங்க. என்னைப் பாத்தா ‘இடுப்புக்குப் படியேறுறது நல்லதாம்’ங்கிறாங்க. முதலாளி ஒரு வழி சொன்னாரு. சட்டையில வேற பேரைத் தைச்சுத் தரேன், கேட்டா அதைச் சொல்லுன்னாரு. நான் ஐம்பத்தோரு வருஷமா இந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பாத்துட்டு இருக்கேன். முடியாதுன்னேன். கீழே பாய்லர் அறைக்கு அனுப்பிட்டாரு.”

வெர்னா கேட்டாள்: “நீங்க வாக்காளர் பட்டியல்ல இருக்கீங்களா?”

“இருக்கேனே. நாற்பத்துநாலாம் வருஷத் தேர்தலுக்கு நானே போய்ப் பதிஞ்சேன்.”

வெர்னா அவர் கேட்டதைக் கடிதமாக எழுதி வாங்கி, சட்டப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னாள். அனுப்பவும் செய்தாள்.

சட்டப் பிரிவில் கியூசிக் என்றொருவர் இருந்தார். சுத்தமான நகங்கள், மெதுவான குரல். மறுநாள் எங்கள் அறைக்கே வந்து, மஞ்சள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பிரமாதம். மூணு கட்டமும் டிக். மே இருபதாம் தேதி இந்தப் பேருல ஊருல ஓர் ஆள் கிடையாது. ஜனவரியில ஒருத்தன் முளைக்கிறான். என்ன அர்த்தம்? படத்தைப் பாத்துட்டுப் பேரை எடுத்து மாட்டிக்கிட்டான். நேரா போய்ப் பதிவேட்டைப் பாத்தீங்க இல்ல, மிஸ் ப்ரூயிட்?”

“அட்டையில இருக்கே, சார்,” என்றாள் வெர்னா.

பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவள் சாகும் வரை மன்னிக்கவில்லை. காலுறைக்காகப் போனதைக்கூட அறியாமை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். இதற்கு எந்தப் போர்வையும் இல்லை. அவளுடைய டிக் ஒரு மனிதரை ஏமாற்றுக்காரர் ஆக்குவதை நேரில் பார்த்துக்கொண்டே, வாய் திறக்காமல் இருந்தாள்.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போவாள். தன் பழைய மஞ்சள் அட்டைகளையெல்லாம் அடுக்கி வைத்து, போய்ப் பார்த்தவை எவை, போகாமல் டிக் போட்டவை எவை என்று பிரித்தாள். போகாதவை பதினொன்று. என்னுடையதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சர்ச் பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இது:

“கடவுள் உன்னை மன்னிச்சுட்டார், நிம்மதியா போம்மான்னாரு. நான் என்ன கடவுள் பேரையா அட்டையில எழுதினேன்?”

அதற்குப் பிறகு அவள் அந்தச் சர்ச்சுக்குப் போகவில்லை. ஒருவனுக்குச் செய்த தீங்கை இன்னொருவரிடம் சொல்லிக் கழுவிக்கொள்கிற வசதிதான் மதங்களின் வியாபாரம் என்று நான் நினைக்கிறேன். வெர்னா அப்படியெல்லாம் பேச மாட்டாள். ஆனால் அந்தச் சரக்கை வாங்க மறுத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் அனுமதி கேட்டு இரண்டு டிராம் மாறி, பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலில் இருந்த பெண் தடித்த ஏட்டை எடுத்துப் போட்டாள். டெல்க், ஆரின். பிறந்த இடம் ஓக்லஹோமா. தொழில் கப்பல் பட்டறை உதவியாள். பதிந்தது 1944 செப்டம்பர். பத்து நிமிடம் ஆயிற்று. அதில் ஆறு நிமிடம் அந்தப் பெண் கண்ணாடியைத் தேடிய நேரம்.

நேரே கியூசிக்கின் அறைக்குப் போனாள்.

“அவர் பேரு அங்கே இருக்கு, சார். ரெண்டரை வருஷமா இருக்கு. நான் அன்னைக்குப் போகலை. போகாமலே டிக் போட்டேன்.”

கியூசிக் பேனாவை மூடினார். “அந்த ஆள் வெள்ளிக்கிழமையே வந்து கையெழுத்துப் போட்டாச்சு. ஸ்டுடியோ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, இந்தப் படத்தைப் பத்தி யார்கிட்டயும் பேச மாட்டேன்னு. பொய்ப் பேருல மிரட்டினதுக்குப் போலீஸுக்குப் போவோம்னு சொன்னோம். போட்டுட்டான். விஷயம் முடிஞ்சுது.”

“பொய்ப் பேரு இல்லையே, சார்.”

“மிஸ் ப்ரூயிட், நீங்க போனீங்க. அட்டை சொல்லுது. இந்த அட்டை தப்புன்னா அந்த அலமாரியில இருக்கிற அத்தனை அட்டையும் தப்பு. அது உங்களுக்கு வேணுமா?”

“எனக்கு வேணாம். அவருக்கு வேணும்.”

“வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. காலையில வேற மாதிரி தோணும்.”

அன்று மாலை கியூசிக் என்னைக் கூப்பிட்டார். மே மாதத்து அந்த வெள்ளிக்கிழமை வெர்னா எங்கே போனாள் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். எனக்குத் தெரியும். காலுறை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவள் நான்.

மறுநாள் மதியமே வெர்னா ஸ்டுடியோவிலிருந்து கிளம்பிவிட்டாள். பங்கர் ஹில்லில் அந்தக் கட்டடத்தைத் தேடிப் பிடித்து, பின்புறப் படி வழியாக அடித்தளத்துக்கு இறங்கினாள். பாய்லர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டெல்க் ரொட்டியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல இன்னொரு ஸ்டூல் இல்லை.

அவள் சொன்னாள். காலுறையையும் விடாமல் சொன்னாள். அவள் முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷம்,” என்றார் அவரும். கரண்டியைக் கழுவி, துடைத்து, டப்பாவில் வைத்தார். “மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, மிஸ்?”

“ஆமா.”

“அது எனக்கு எதுக்கு உதவும்? இந்த அறையில வெச்சு நீங்க சொல்றது பாய்லருக்குத்தான் கேக்கும். பாய்லர் என்னைக் கண்டு பயப்படலை.”

டெல்க் டப்பாவை மூடினார்.

“நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க,” என்றார். “திறந்தா ஜெயில். நீங்க அப்படி எதுலயும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?”

“இல்ல.”

“அஞ்சரை மணிக்கு எல்லாரும் வேலை முடிஞ்சு வருவாங்க. மேலே கூடத்துல நில்லுங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க.”

“வேலை போயிடும், மிஸ்டர் டெல்க்.”

“எனக்குக் கொலைகாரன்னு பட்டம் கட்டி என்னை எங்கே உக்கார வெச்சாங்கன்னு பாத்துட்டுத்தானே பேசறீங்க?”

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் மேலே போனாள்.

கூடத்தில் ஒரு மங்கிய கண்ணாடி, வாடிய பெரணிச் செடி, லிப்டின் பித்தளைக் கம்பிக் கதவு. அதன் முன்னால் தொப்பியும் கையுறையுமாக நின்று, வந்த ஒவ்வொருவரிடமும் வெர்னா சொன்னாள். “நான் ஸ்டுடியோவில பெயர் பாக்கிறவ. ‘நிற்காத மாடி’யில கொலைகாரனுக்கு மிஸ்டர் டெல்க் பேரை விட்டது என் தப்பு. போய்ப் பாக்க வேண்டியதைப் பாக்கலை. இது அவர் பிறந்ததுலேருந்து வெச்சிருக்கிற பேரு.” முதல் நாள் பாதிப் பேர் நிற்காமலே போனார்கள். ஒரு நர்ஸ், “உனக்கு அந்த ஆள் என்ன குடுத்தான்?” என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் ஒரு டைப்பிஸ்ட் நின்று முழுவதையும் கேட்டாள், கேட்டுவிட்டு, “இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை மாசம் ஆச்சா?” என்றாள். வெர்னா அந்தக் கேள்வியை என்னிடம் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறாள், ஏதோ நான் பதில் வைத்திருப்பதைப் போல.

மூன்றாம் நாள் காலை ஸ்டுடியோ அவள் மேசையைக் காலி செய்யச் சொன்னது. கட்டட முதலாளி ஹார்ப்ஸ்ட் தகவல் சொல்லியிருந்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அவள் பர்பேங்க்கில் ஒரு விதை வியாபாரியிடம் தபால் உறைகளில் விலாசம் எழுதினாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்ப்பதால் வேகம் போதாது என்று அங்கேயும் திட்டு வாங்கினாள்.

வேலை போன அன்று மாலையும் கூடத்துக்குப் போனாள். அடுத்த வாரமும் போனாள். ஒன்பதாவது நாள் ஹார்ப்ஸ்ட், தொல்லை விட்டால் போதும் என்றோ, குடியிருப்பவர்களில் சிலர் வந்து சொன்னதாலோ, டெல்க்கை மாலை நேரத்துக்கு மட்டும் லிப்டுக்குத் திருப்பி அனுப்பினார். அன்று நானும் வெர்னாவோடு போயிருந்தேன். எட்டு மாலை அவள் தனியாக நின்ற இடத்தில், கடைசி மாலை மட்டும் நானும் நின்றேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

டெல்க் சீருடை போட்டுக்கொண்டு வந்தார். சட்டையில் அவருடைய பெயரே இருந்தது. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், எல்லோருக்கும் அசைப்பதுபோல. ஒரு டீச்சர் ஏறினாள். டைப்பிஸ்ட்டும் அவள் தோழியும் ஏறினார்கள். வெர்னாவின் கை என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. லிப்ட் போய்த் திரும்பியது.

பிறகு ஐந்தாம் மாடி மிஸ் டாலிவர் வந்தாள். அறுபது வயது, இரண்டு கையிலும் மளிகைப் பை, ஒரு பக்கம் சாய்ந்த நடை. வெர்னா சொன்னதை இரண்டாம் நாளே நின்று கேட்டவள். நம்பியவள். ஹார்ப்ஸ்டிடம் போய் டெல்க்குக்காகப் பேசியவளும் அவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது. டெல்க் அவளுக்காகக் கம்பிக் கதவை இழுத்துப் பிடித்தார்.

“அஞ்சாவது மாடிதானே, மிஸ் டாலிவர்.”

அவள் லிப்டுக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். தரையைப் பார்த்தாள். வெர்னாவின் பக்கம் திரும்பி, டெல்க்குக்குக் கேட்கக் கூடாது என்று தணிந்த குரலில் சொன்னாள். சின்னக் கூடம், எல்லோருக்கும் கேட்டது.

“நான் நம்புறேம்மா. நீ சொன்னது முழுக்க நம்புறேன். என் காலுதான் நம்ப மாட்டேங்குது.”

படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். வெர்னா ஓடிப் போய் அவளுடைய பைகளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் மிஸ் டாலிவர் நின்று மூச்சு வாங்குவது கீழே வரை கேட்டது. டெல்க் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றிருந்தார்.